அன்னை ஊட்டியது யாருக்கு?



நாளை அன்னை மரியாவின் விண்ணேற்புப் பெருவிழா. இன்று மாலைத் திருவிழிப்புத் திருப்பலிக்குத் தரப்பட்டிருக்கும் நற்செய்தி இரண்டே வசனம்: லூக்கா 11:27-28. கூட்டத்திலிருந்து ஒரு பெண் குரலெழுப்பி, இயேசுவைச் சுமந்த வயிற்றையும் பாலூட்டிய மார்பையும் வாழ்த்துகிறார். பிள்ளை பெற்றவராகத்தான் இருக்க வேண்டும். மற்றவர்களுக்கு அந்த நேரத்தில் பால் நினைவுக்கு வராது.

தாய்ப்பாலில் லாக்டோஸ், கொழுப்பு இரண்டுக்கும் அடுத்தபடியாக நிறைந்திருப்பவை ஒருவகைக் கூட்டுச் சர்க்கரைகள். 150-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. அவற்றைச் செரிக்கக் குழந்தையால் முடியாது. பத்தியம் இருந்து, தூக்கம் கெட்டு, தன் உடம்பை உருக்கித் தாய் சுரக்கும் பாலில், பிள்ளைக்குச் செரிக்காத ஒன்று எதற்கு? அது பிள்ளையின் குடலில் குடியேறும் பிஃபிடோ பாக்டீரியாக்களுக்கான சாப்பாடு. 1899-இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் ஆன்றி திசியே என்ற மருத்துவர், பால்குடிக் குழந்தைகளின் மலத்தில் கண்டறிந்த உயிர்கள் அவை. அந்தச் சர்க்கரையைத் தின்று அவை அமிலம் உண்டாக்குகின்றன. அந்தப் புளிப்பில் நோய்க்கிருமிகள் பல தலையெடுக்க முடிவதில்லை.

அந்தக் காலத்தில் எந்தத் தாயும் இதை அறிந்து ஊட்டியதில்லை. நாசரேத்து மரியாவும்தான். இறைமகன் மனிதரானார் என்று அறிக்கையிடுகிறோமே, அவர் எடுத்தது முழு மனித உடல். பெத்லகேமில் அந்தச் சின்ன வயிற்றிலும் இத்தகைய உயிர்கள் குடியேறியிருக்கும். அன்னை மகனோடு சேர்த்து அவற்றுக்கும் ஊட்டியிருப்பார். சிலர் முகம் சுளிக்கிறீர்கள். உடலைப் பார்த்துக் கூசுகிற பக்தி எனக்குப் பிடிப்பதில்லை.

இறைவார்த்தையைக் கேட்டுக் கடைப்பிடிப்பவர்களே இன்னும் பேறுபெற்றவர்கள் என்று இயேசு அந்தப் பெண்ணுக்குச் சொன்ன பதில், தாயைக் குறைத்ததாகச் சிலருக்கு வருத்தம். ஆனால் அப்படிக் கேட்டுக் கடைப்பிடித்தவர்தான் அந்தத் தாயும். வானதூதர் சொன்னதைக் கேட்டு மரியா இசைந்தபோது, அந்த இசைவின் பலன் யார் யாரைப் போய்ச் சேரும் என்று கணக்குப் பார்க்கவில்லை. பால் கொடுத்தபோதும் அப்படித்தான்.

பாட்டிமாரே, சேனை வைக்கிறோம் என்று பிறந்த பிள்ளையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டுவைக்காதீர்கள். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாதீர்கள். பால் போதாத மருமகளை ஏசவும் வேண்டாம், மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

நாளைத் திருப்பலி நேரத்தில் பாலூட்டும் தாய்மாருக்குச் சக்கிறிஸ்துக்குப் பக்கத்து அறை. மின்விசிறி ஓடுகிறது. இளைஞர் மன்றத்தார் அங்கே அடுக்கியிருக்கும் ஒலிபெருக்கிப் பெட்டிகளை இன்றிரவே எடுத்துவிடுங்கள்.