தலைமையின் தவம்

ஹைதராபாத்தின் மேற்கே உள்ள கச்சிபௌலி இன்று கணினி நிறுவனங்களின் கண்ணாடி மாளிகைகளால் அறியப்படும் பகுதி. ஆயிரக்கணக்கானோர் அங்கே யாரோ ஒருவரின் கீழ்ப் பணிபுரிகின்றனர். தலைமை என்பது யாது என்று அறிய விரும்புவோர், அதே பகுதியில் உள்ள ஒரு பேட்மிண்டன் பயிற்சிக்கூடத்தையும் நோக்கலாம்.

அதை நிறுவியவர் புல்லேலா கோபிசந்த். முழங்காலில் பல அறுவைச் சிகிச்சைகளுக்குப் பின்னரும் 2001-இல் ஆல் இங்கிலாந்து பட்டத்தை வென்றவர். குளிர்பான விளம்பரத்தில் தோன்ற மறுத்தவர். பயிற்சிக்கூடம் எழுப்பப் பணம் போதாதபோது சொந்த வீட்டை அடமானம் வைத்தார். 2008-இல் கூடம் திறக்கப்பட்டது. அங்கே விடியற்காலை நான்கரை மணிக்கே பயிற்சி தொடங்கிவிடும்.

2016 ரியோ ஒலிம்பிக்கிற்கு முன், மாணவி பி.வி. சிந்துவின் கைப்பேசியை மூன்று மாதங்கள் அவர் வாங்கி வைத்துக்கொண்டார். ரியோ சென்ற பிறகு ஐஸ்கிரீமும், சிந்து மிகவும் விரும்பிய இனிப்புத் தயிரும் கூடாது என்றார். இந்த அளவு கண்டிப்பை அதிகாரம் உள்ள எவரும் காட்டிவிடலாம். ஆனால், மாணவர்களுக்கு எதிர்நின்று ஆடித் தர வேண்டுமே என்று, நாற்பதைக் கடந்த அந்த ஆசிரியர் தாமும் மாவுச்சத்து உணவுகளைத் துறந்திருந்தார். கீதையின் மூன்றாம் அத்தியாயம் உயர்ந்தோர்க்கு விதிக்கும் கடமை இதுதான். சிந்து வெள்ளி வென்றதும், 'முதல் வேலையாகக் கைப்பேசியைத் திருப்பித் தருவேன். இனி அவள் விரும்பியதை உண்ணலாம்' என்ற பொருள்படக் கூறினார்.

சிந்து இயல்பிலேயே கூச்சம் மிக்கவர். களத்தில் ஆக்ரோஷம் வர வேண்டும் என்பதற்காக, அனைவர் முன்னிலையிலும் நடுக்களத்தில் நின்று உரக்கக் கத்தும்படி கோபிசந்த் ஒருமுறை கட்டளையிட்டார். கத்தும்வரை மட்டையைத் தொடக் கூடாது என்றார். அந்தப் பெண் அழுதேவிட்டார். கேட்பவருக்கு இது கடுமையாகத் தோன்றும், தோன்றவும் வேண்டும். எல்லோருக்கும் பொருந்தும் மருந்து அன்று அது. தமக்குக் கீழுள்ளோரைப் பார்த்துக் கத்தும் தலைவர்களை நாம் நிறையவே கண்டிருக்கிறோம். இவரோ கீழுள்ளவரைக் கத்தச் சொன்னவர்! அந்தக் கடுமையின் பயன் யாரைச் சென்று சேர்ந்தது என்பதை வைத்தே அதை எடைபோட வேண்டும்.

இவற்றையெல்லாம்விடக் கடினமான சோதனை வேறொன்று. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற சாய்னா நேவால், 2014-இல் அவரை விட்டுப் பெங்களூருவில் வேறொரு பயிற்சியாளரிடம் சென்றார். போக வேண்டாம் என்று தாம் மன்றாடியதையும், நெருங்கிய ஒருவரை இழந்ததுபோல் வருந்தியதையும் கோபிசந்த் பின்னர் மறைக்காமல் கூறியிருக்கிறார். வளர்த்தவருக்குப் பற்று இல்லாமல் இராது. அந்தப் பற்று பகையாகத் திரிந்துவிடுவதையே அலுவலகங்களிலும், ஏன், ஆசிரமங்களிலும்கூடப் பார்க்கிறோம்.

2017-இல் சாய்னா திரும்பி வந்தார். கச்சிபௌலியின் கதவு அவருக்கு மூடப்படவில்லை. மறு ஆண்டு ஏப்ரலில், கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியின் மகளிர் ஒற்றையர் இறுதி ஆட்டம். வலையின் ஒருபுறம் சாய்னா, மறுபுறம் சிந்து. வென்றவர் சாய்னா.