பதினாறு பெண்களும் ஒரு கேள்வியும்



2018-ஆம் ஆண்டு கலர்ஸ் தமிழ் தொலைக்காட்சியில் 'எங்க வீட்டு மாப்பிள்ளை' நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நடிகர் ஆர்யாவுக்கு மணமகள் தேடுவதாகச் சொல்லி 16 பெண்களை நிறுத்தினார்கள். ஒவ்வொருவராகக் கழித்து, மூவரை மிச்சம் வைத்தார்கள். கடைசி நாளில் அவர் எவரையும் தெரிவு செய்யவில்லை. மறு ஆண்டு நடிகை சயீஷாவை மணந்தார். அது அவர் உரிமை.

அன்றிரவு அவரைத் திட்டினோம். ஆனால் அதற்கு முந்திய நாட்களில், "இவளுக்கு நிறம் போதாது, அவளுக்கு வாய் அதிகம்" என்று தேநீர்க் கோப்பையும் கையுமாகத் தீர்ப்புச் சொன்னவர்கள் நாமல்லவா?

தொலைக்காட்சியை அணைத்தாலும் அந்தப் பேச்சு அணைவதில்லை. அக்கரப்பத்தனைத் தோட்டங்களிலும் பெண் பார்க்க வருகிறவர்கள் பலகாரம் உண்டு, "சொல்லியனுப்புகிறோம்" என்று புறப்படுகிறார்கள். பதில் வருவதில்லை. லயத்தில் ஒரு சுவருக்கு இரண்டு வீடு. மறுநாள் அந்தப் பிள்ளை கூடையோடு மலைக்கு ஏறும்போது நிரை முழுவதற்கும் சேதி தெரிந்திருக்கும். எந்தக் கமராவும் இல்லாமலே கழிக்கப்பட்டவள் அவள்!

பீடத்தின் முன் குருவானவர் மணமகனை மட்டும் கேட்பதில்லை. சுயவிருப்பத்தோடு வந்தாயா என்று மணமகளையும் கேட்கிறார். அவள் இல்லையென்றால் திருமணமே இல்லை. இருவரின் சம்மதமே திருமணத்தை உண்டாக்குகிறது, வேறெந்த மனித அதிகாரமும் அதற்கு ஈடாகாது என்கிறது 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம்.

பெண்ணைப் பெற்றவர்களே, வந்தவர்கள் படியிறங்கிய அன்றிரவே உங்கள் மகளிடம் கேளுங்கள்: "உனக்கு அவரைப் பிடித்திருக்கிறதா, அம்மா?" மாப்பிள்ளை வீட்டாரே, வேண்டாமென்றால் அந்த வாரத்துக்குள் ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கள்.