முழுமையே புனிதம்

மனிதன் எந்த மொழியைப் பேசினாலும், அவனது ஆழ்ந்த ஏக்கம் அந்த மொழியின் சொற்களில் பதிந்துவிடுகிறது. ஆகவே, ஒரு சொல்லின் வேரை ஆராய்வதும் ஒரு வகையில் ஆத்ம விசாரத்திற்குத் துணை செய்வதே. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பழைய ஆங்கிலத்தில் வழங்கிய 'ஹால்' என்னும் சிறு சொல்லை இங்கே சிந்தனைக்கு எடுத்துக்கொள்வோம்.

'ஹால்' என்றால் சிதைவற்றது, ஊனமற்றது, முழுமையானது என்று பொருள். முழுமையைக் குறிக்கும் 'ஹோல்', குணப்படுத்துவதைக் குறிக்கும் 'ஹீல்', ஆரோக்கியத்தைக் குறிக்கும் 'ஹெல்த்', புனிதத்தைக் குறிக்கும் 'ஹோலி' ஆகிய இன்றைய ஆங்கிலச் சொற்கள் யாவும் இந்த ஒரே வேரில் கிளைத்தவை. மருத்துவமனைக்கு என்றும் ஆலயத்திற்கு என்றும் நாம் பிரித்து வைத்திருக்கும் சொற்கள், பிறப்பால் உடன்பிறந்தவை!

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். துளையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் காதுக்கு 'ஹோல்' என்றே ஒலிக்கிறது; ஆனால் அதன் வேர் வேறு. அவ்வாறே, இன்று பலரும் பயன்படுத்தும் 'ஹோலிஸ்டிக்' என்ற சொல்லும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அது, தென்னாப்பிரிக்கரான ஜான் ஸ்மட்ஸ் 1926-இல் வெளியிட்ட நூலின் வழியே பரவிய சொல். அதன் மூலம் கிரேக்க மொழியின் 'ஹோலோஸ்'. அந்த ஹோலோஸ் நமது 'ஸர்வ' என்னும் ஸம்ஸ்கிருதச் சொல்லுக்கு உறவு. நமது 'பூர்ண' என்பதற்கு உறவான ஆங்கிலச் சொல்லோ 'ஃபுல்'. ஒன்றுபோல் தோன்றுபவை வேறாக இருக்கின்றன; வேறாகத் தோன்றுபவை உறவாக இருக்கின்றன. தோற்றத்தைக் கண்டு மயங்காமல் பிரித்தறிவதற்கே விவேகம் என்று பெயர். உடலையும் ஆத்மாவையும் ஒன்றெனக் கொள்ளும் நமக்கு இந்த விவேகமே முதல் தேவை.

இனி, புனிதத்தைக் குறிக்கும் வேறு இரு சொற்களோடு இதனை ஒப்பிடுவோம். ஆங்கிலத்தில் வழங்கும் 'சேக்ரட்' என்பது லத்தீனிலிருந்து வந்தது. அதன் மூலச் சொல், தெய்வத்திற்கென்று தனியே ஒதுக்கப்பட்டதைக் குறிக்கும். நமது 'பவித்ரம்' என்னும் சொல் தூய்மை செய்தல் என்ற பொருளுடைய வேரிலிருந்து தோன்றியது. கர்மாக்களின்போது விரலில் அணியும் தர்ப்பைக்கும் அதுவே பெயர். ஒன்று ஒதுக்குதலைச் சொல்கிறது; ஒன்று தூய்மையைச் சொல்கிறது; 'ஹோலி' முழுமையைச் சொல்கிறது.

இந்த மூன்றையும் ஸாதனையின் மூன்று படிகளாகக் கொள்ளலாம். முதலில், நாளின் ஒரு பகுதியையும் வீட்டின் ஒரு மூலையையும் இறைவனுக்கென்று ஒதுக்குகிறோம். அடுத்து, பலனை எதிர்பாராத பணியாலும் ஜபத்தாலும் மனத்தைத் தூய்மை செய்கிறோம். முடிவில், தூய மனத்தில் ஞானம் உதிக்கும்போது, ஒதுக்குவதற்கு வேறொன்று இல்லை, எங்கும் நிறைந்த பூரணமே உள்ளது என்று உணர்கிறோம். முதற்படியிலேயே நின்றுவிட்டால், பூஜையறையில் மட்டும் பக்தனாகவும் வெளியே வேறொருவனாகவும் வாழ நேரும். அது பிளவுபட்ட வாழ்வு, முழுமை ஆகாது.

ஆரோக்கியத்தைப் பற்றி நம் முன்னோர் என்ன கருதினர்? அவர்கள் தந்த சொல் 'ஸ்வஸ்த'. 'ஸ்வ' என்றால் தான். 'ஸ்த' என்றால் நிலைபெற்றிருப்பது. தன்னில் நிலைபெற்றவனே ஆரோக்கியமானவன்! ஸுச்ருத ஸம்ஹிதை, தோஷங்களும் ஜடராக்னியும் சமநிலையில் இருப்பதோடு ஆத்மாவும் புலன்களும் மனமும் தெளிந்திருப்பதையும் ஆரோக்கியத்தின் இலக்கணமாகக் கூறுகிறது. கீதையின் 14-ஆம் அத்தியாயத்தில், முக்குணங்களையும் கடந்தவனின் அடையாளங்களைக் கூறும் பகவான் இதே 'ஸ்வஸ்த' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார். நோய் நீங்கினால் தமிழில் 'குணமாயிற்று' என்கிறோம். கீதை காட்டும் பரிபூரண ஆரோக்கியமோ குணங்களையே கடந்த நிலை.

அப்படியானால், தீராத நோயால் வாடுபவர் முழுமையை இழந்தவரா? இறையருள் அவரைக் கைவிட்டுவிட்டதா? எத்தனையோ அன்பர்களின் உள்ளத்தில் கண்ணீரோடு எழும் கேள்வி இது. இதற்கு விடையாக ஸ்ரீராமகிருஷ்ணரின் இறுதி நாட்களை நினைவுகூர்வோம். தொண்டைப் புற்றுநோயால் துன்புற்ற அவர் 1885 டிசம்பரில் காசிப்பூர் தோட்ட வீட்டிற்கு வந்தார். 1886 ஆகஸ்ட் 16-ஆம் நாள் மஹாஸமாதி அடைந்தார். நோயுற்ற இடத்தில் மனத்தைச் செலுத்தினால் நோய் நீங்குமே என்று பண்டிதர் ஒருவர் கூறியபோது, இறைவனுக்கு அர்ப்பணித்த மனத்தை மீண்டும் இந்த உடலுக்குத் திருப்ப அவர் இசையவில்லை. உணவு இறங்காத நிலையிலும் சீடர்களுக்கு வழிகாட்டிக்கொண்டே இருந்தார். உடல் நலிந்தது, அவரோ ஸ்வஸ்தராகவே இருந்தார்.

நோய்க்கு மருந்து வேண்டாம் என்பது இதன் கருத்தன்று. அவரும் சிகிச்சையை ஏற்றார். உடலுக்குரியதை மருத்துவர் கவனிக்கட்டும். சேவை செய்பவர் அன்போடு செய்யட்டும். ஆனால் 'நான் உடைந்தவன்' என்ற எண்ணத்தை மட்டும் உள்ளே குடியேற விடலாகாது. காற்றில் குளத்து நீர் கலங்கும்போது நிலவு நூறு துண்டுகளாகத் தெரிகிறது. வானத்து நிலவை யாரும் ஒட்டவைக்க வேண்டியதில்லை. அலை அடங்கினால் போதும்.

அலையை அடக்கும் முயற்சியே நம்முடையது. முழுமை புதிதாக வந்து சேர்வதன்று, என்றும் உள்ளது. நாளை யாரேனும் 'நலமா?' என்று கேட்கும்போது, 'நான் என்னில் நிலைபெற்றிருக்கிறேனா?' என்று ஒரு கணம் உள்நோக்கிக் கேட்டுக்கொள்வோம். அந்தத் தன்னிலையில் நம்மை நிறுத்தியருளுமாறு எல்லாம் வல்ல பரம்பொருளைப் பிரார்த்திப்போமாக!