இன்மையை அளத்தல்

ஒரு பொருள் இருக்கிறது என்று நிறுவ அதைக் காட்டினால் போதும். ஒரு பொருள் இல்லை என்று நிறுவ எதைக் காட்டுவது என்னும் வினா இந்திய மெய்யியலில் மிகப் பழையது, தமிழிலும் ஆழமாக ஆராயப்பட்டது. மணிமேகலையின் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையில் எண்ணப்படும் அளவைகளுள், அதாவது உண்மையை அறிவதற்கான வழிகளுள், அபாவம் எனப்படும் இன்மையும் ஒன்று. குறித்த ஓர் இடத்தில் குறித்த ஒரு பொருள் இல்லை என்று அறிவது அதன் இலக்கணம். 13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டாரின் மாணவராக இருந்த அருணந்தி சிவாசாரியார், தம் சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியில் அபாவம் உள்ளிட்ட பல அளவைகளை வரிசைப்படுத்திவிட்டு, அவை யாவும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்று முடிக்கிறார். திருவெண்ணெய்நல்லூரும் செஞ்சிக் கோட்டையும் இன்று ஒரே விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளன. சைவ சித்தாந்தம் முகிழ்த்த இந்நிலப்பகுதியே தமிழ்ச் சமணத்தின் உயிர்ப்புள்ள இருப்பிடமாகவும் இருப்பதால், இன்மை பற்றிய வழக்கின் இரு பெரும் தரப்புகளும் இங்கே அண்டை வீட்டாராக வாழ்ந்திருக்கின்றன.

வழக்கின் மையம் எளிதாகத் தோன்றும் ஓர் எடுத்துக்காட்டில் இருக்கிறது. வெறுந்தரையைப் பார்ப்பவர் அங்கே குடம் இல்லை என்று அறிகிறார். ஆனால் அவர் கண்ணில் பட்டது தரை மட்டுமே, குடத்தின் இன்மை என்று தனியே ஒன்று கண்ணில் படவில்லை. அவ்வாறிருக்க அந்த அறிவு எப்படி வந்தது? குமாரிலரின் மீமாஞ்சை மரபினர் அதைத் தனி அளவை என்றனர். நியாய நூலார் காட்சியில் சேர்த்தனர். பௌத்தரான தருமகீர்த்தி கருதலில் சேர்த்தார். இவ்வளவு மாறுபட்டவர்களும் ஒரு நிபந்தனையில் ஒன்றுபட்டனர் என்பதே கவனத்துக்குரியது. பொருள் அங்கே இருந்திருந்தால் அது கண்டிப்பாகக் காணப்பட்டிருக்கும் என்ற தகுதி இருந்தால்தான், காணாமை இன்மைக்குச் சான்றாகும். போதிய வெளிச்சத்தில் குடத்தைக் காணாமை குடத்தின் இன்மையைக் காட்டும், ஆனால் இயல்பாகவே கண்ணுக்குப் புலப்படாத பேயைக் காணாமை பேயின் இன்மையைக் காட்டாது. எனவே இல்லை என்பவர் முதலில் தம் கண்ணின் ஆற்றல் எவ்வளவு என்று கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர்.

இந்தக் கடமையை இன்று வேறெவரையும்விடக் கடுமையாக ஏற்றுக்கொண்டிருப்பவர்கள் கடல்நீரில் உள்ள நுண்ணளவுத் தனிமங்களை அளப்பவர்கள் எனலாம். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு கரைந்துள்ளது. அதே நீரில், கரையிலிருந்து வெகுதொலைவில் உள்ள பெருங்கடல் மேற்பரப்பில், கரைந்த இரும்பின் அளவு பல இடங்களில் சில நானோகிராமைத் தாண்டுவதில்லை. நானோகிராம் என்பது ஒரு கிராமின் 100 கோடியில் ஒரு பங்கு. நிலவுலகின் மேலோட்டில் நிறையளவில் நான்காம் இடம் வகிக்கும் தனிமம், செஞ்சியின் ராஜகிரியையும் கிருஷ்ணகிரியையும் போன்ற 200 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட கருங்கற்குன்றுகள் மழையிலும் வெயிலிலும் சிதையும்போது மண்ணுக்குச் செந்நிறம் ஏற்றும் தனிமம், கடலை அடைந்ததும் ஏறத்தாழ இல்லாததாகிவிடுகிறது. குன்றுகளின் பக்கமிருந்து புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் சேரும் சங்கராபரணி போன்ற ஆறுகள் சுமந்து செல்லும் கரைந்த இரும்பின் பெரும்பகுதி, முகத்துவாரத்தில் உப்புநீரைச் சந்தித்ததும் திரண்டு கீழே படிந்துவிடுவதும், உயிர்வளி நிறைந்த கடல்நீரில் இரும்பு எளிதில் கரையாததும் இதற்குக் காரணங்கள். ஆனால் உலகின் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழப் பாதியை நடத்தும் மிதவை நுண்தாவரங்களுக்கு அந்தச் சில நானோகிராம்கள் இன்றியமையாதவை. தென்பெருங்கடலில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகுந்திருந்தும் நுண்தாவரம் குறைவாக இருப்பதற்கு இரும்புப் பற்றாக்குறையே காரணம் என்ற கருத்தை, அமெரிக்கக் கடலியலாளர் ஜான் மார்ட்டின் 1980களின் இறுதியில் வலுவாக முன்வைத்தார்.

இதை அளக்கப் புறப்படும் கப்பலே இரும்பால் ஆனது. அதன் துரு, வண்ணப்பூச்சு, கம்பிவடம், புகைபோக்கி, மேல்தளத்தில் நடப்பவரின் தோலும் ஆடையும் எல்லாம் தேடப்படும் பொருளையே நீரில் சொட்டிக்கொண்டிருக்கின்றன. ஆகவே நீர் எடுக்கும் குப்பிகளை உலோகக் கம்பியில் இறக்காமல் கெவ்லார் போன்ற செயற்கை நார்க் கயிற்றில் இறக்குகிறார்கள். குப்பிகளின் உட்புறத்துக்கு டெஃப்லான் பூச்சு இடுகிறார்கள். மாதிரியைச் சேமிக்கும் பாலிஎத்திலீன் புட்டிகளை அமிலத்தில் நாள்கணக்கில், சிலபோது வாரக்கணக்கில் ஊறவைத்துக் கழுவுகிறார்கள். வடிகட்டிய காற்று மட்டுமே புகும் நெகிழித் தடுப்பறைக்குள் கையுறையும் முழு மேலாடையும் அணிந்து வேலை செய்கிறார்கள். பின்னர் நீரை 0.2 மைக்ரான் துளையுள்ள வடிகட்டியில் செலுத்தி, தூய அமிலம் சேர்த்து, கரையிலுள்ள ஆய்வகத்தில் உலோக அயனிகளைப் பற்றிக்கொள்ளும் பிசின் வழியாகச் செறிவாக்கி, உப்பை நீக்கியபின் பிளாஸ்மா நிறைமாலைமானியில், அதாவது அணுக்களை மிகுவெப்பத்தில் அயனியாக்கி நிறைவாரியாகப் பிரித்து எண்ணும் கருவியில், அளக்கிறார்கள்.

இவற்றையெல்லாம் செய்த பின்னரும் தூய்மை முழுமையடையாது என்பதை அவர்கள் ஒப்புக்கொள்வதுதான் இத்துறையின் உயிர்நாடி. மாதிரி எதுவும் இல்லாமல், ஆனால் மாதிரிக்குச் செய்யும் ஒவ்வொரு செயலையும் ஒன்றுவிடாமல் செய்து, கிடைக்கும் அளவைக் குறித்துக்கொள்கிறார்கள். வெற்று மாதிரி எனப்படும் இது கடலைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அளப்பவர், தம்மையறியாமல், அளவில் எவ்வளவு சேர்த்துவிடுகிறார் என்பதையே சொல்கிறது. பல வெற்று மாதிரிகளின் அளவுகள் தமக்குள் எவ்வளவு ஏறி இறங்குகின்றன என்று கணித்து, அந்த ஏற்றத்தாழ்வைக் குறிக்கும் திட்ட விலக்கத்தின் மும்மடங்கைக் கண்டறிதல் வரம்பு என்று கொள்வது பொதுவழக்கு. அதற்குக் கீழே வரும் எந்த அளவையும் நேர்மையான வேதியியலாளர் சுழியம் என்று எழுதமாட்டார். கண்டறிதல் வரம்புக்குக் கீழ் என்றே எழுதுவார். பொருள் இல்லை என்பதும் என் கருவிக்கு எட்டவில்லை என்பதும் வேறு வேறு என்று தருக்க நூலார் பிரித்துக்காட்டிய அதே இடைவெளியில் ஓர் எண்ணை நிறுத்திவைத்திருக்கிறது இப்பழக்கம்.

அந்த எண்ணைத் தேடாதிருந்த காலத்தில் நேர்ந்தது என்ன என்பதற்கு ஈயம் சான்று. விண்கற்களில் உள்ள ஈயத்தைக் கொண்டு புவியின் வயது சுமார் 455 கோடி ஆண்டு என்று 1956இல் கணித்த கிளேர் பேட்டர்சன், தம் அளவுகள் தொடக்கத்தில் தாறுமாறாக வந்ததற்குக் காரணம் ஆய்வகக் காற்றிலும் நீரிலும் பாத்திரங்களிலும் நிறைந்திருந்த ஈயம்தான் என்று கண்டு, அதை வெளியேற்றவே பல ஆண்டுகள் உழைத்தார். அவ்வறிவோடு அவர் கடலுக்குத் திரும்பியபோது, கடல்நீரில் உள்ள ஈயம் என்று அதுவரை அச்சேறியிருந்த எண்களில் பெரும்பாலானவை கடலின் ஈயத்தை அல்ல, அளந்தவர்களின் ஈயத்தையே குறித்தன என்பது வெளிப்பட்டது. 1970களில் தூய்மை முறைகள் பரவிய பிறகு துத்தநாகம், செம்பு, இரும்பு ஆகியவற்றின் பழைய அளவுகளும் இவ்வாறே கைவிடப்பட்டன. அவ்வெண்களை வெளியிட்டவர்கள் பொய்யர் அல்லர். உலகைப் பார்ப்பதாக நம்பித் தம்மையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள், அந்நிலை எந்தச் சமயத்தவருக்கும் எந்த ஆய்வாளருக்கும் வரக்கூடியது.

செஞ்சியிலிருந்து விழுப்புரம் செல்லும் வழியை ஒட்டிய மண்டகப்பட்டில், பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் குடைவித்த கோயில் உள்ளது. செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகியவை இன்றி, விசித்திரசித்தன் என்ற பட்டப்பெயருடைய அம்மன்னன் இதை ஆக்கினான் என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு அறிவிக்கிறது. அக்கூற்று உண்மை, ஆயினும் அப்பாறையைக் குடைந்த உளி இரும்பு, பாறையின் கனிமங்களிலும் இரும்பு உண்டு. கல்வெட்டு மறுப்பது கட்டுமானப் பொருளாகிய உலோகத்தை மட்டுமே. எதனுடைய இன்மை, எங்கே உள்ள இன்மை, எந்த வகையில் இன்மை என்ற மூன்றையும் சொல்லாத இன்மைக் கூற்றுக்குப் பொருளே இல்லை என்று தருக்க நூலார் வற்புறுத்துவதன் நியாயம் இங்கே கல்லில் நிற்கிறது.

இவ்வற்புறுத்தலை மிகத் தொலைவு கொண்டுசென்றவர்கள் சமணர்கள். தமிழ்ச் சமணரின் தலைமை மடம் செஞ்சிக்கு அருகிலுள்ள மேல்சித்தாமூரில் இருக்கிறது. அவர்களுடைய அநேகாந்தவாதம், ஒவ்வொரு பொருளும் அளவற்ற தன்மைகள் உடையது என்றும், பொருள், இடம், காலம், இயல்பு ஆகிய நான்கையும் சுட்டாமல் உண்டு என்பதும் இல்லை என்பதும் ஒருதலையான கூற்றுகள் என்றும் கொள்கிறது. ஒரு நோக்கில் அத்தி, அதாவது உண்டு. மற்றொரு நோக்கில் நாத்தி, அதாவது இல்லை. இதை வழவழப்பான சமரசம் என்று கருதுவோர் உண்டு. கடலில் உள்ள இரும்பைச் சற்று நெருங்கிப் பார்த்தால் அக்கருத்து நிலைக்காது. கரைந்த இரும்பு என்று அறிக்கைகள் குறிப்பது, 0.2 மைக்ரான் துளையைக் கடந்துவந்த இரும்பை. அதில் மிகநுண்ணிய கூழ்மத் துகள்களும் அடக்கம், அவற்றுள் எவ்வளவு ஓர் உயிரணுவுக்குப் பயன்படும் என்பது வேறொரு வினா. இரும்பு உண்டு என்ற வாக்கியம் வடிகட்டியின் துளையைச் சொன்னபிறகே முடிவடைகிறது.

காற்றின் வழியாகக் கடலில் விழும் இரும்பில் இது இன்னும் தெளிவாகிறது. ஏரோசால் எனப்படும், காற்றில் மிதக்கும் நுண்துகள்களை அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் ஆய்வாளர்கள் சாகர் கன்யா ஆய்வுக் கப்பலில் சென்று சேகரித்திருக்கிறார்கள். 2008 டிசம்பரின் இறுதியில் தொடங்கி 2009 ஜனவரியில் முடிந்த குளிர்காலப் பயணம் அவற்றுள் ஒன்று. அரபிக்கடலின் மேல் வரும் பாலைவனத் தூசியில் உள்ள இரும்பில் நீரில் கரையும் பங்கு மிகச் சிறிது. வங்கக்கடலின் மேல் சிந்து-கங்கைச் சமவெளியிலிருந்து வரும் காற்றிலோ நிலக்கரி, எண்ணெய், விறகு, வைக்கோல் ஆகியவற்றின் புகையும் அப்புகை வழி உருவாகும் அமிலங்களும் கலந்திருப்பதால், கரையும் பங்கு பல மடங்கு மிகுதி. இரண்டையும் மொத்த இரும்பு என்ற ஒரே தலைப்பில் எழுதினால் அரபிக்கடலுக்குக் கிடைக்காத ஒன்றைக் கிடைத்ததாகக் கணக்கு வைத்ததாகும். உயிருக்கு எட்டும் வகையில் நாத்தி, நிறையளவில் அத்தி என்று சமண நூலார் சொல்லியிருக்கக்கூடும். வடக்கே எரியும் அடுப்புகளும் ஆலைகளும் தமக்குத் தெரியாத ஒரு கடலின் நுண்ணுயிர்களுக்கு உணவையும் நஞ்சையும் ஒருசேர அனுப்பிக்கொண்டிருக்கின்றன என்பதும் இவ்வளவீடுகளிலிருந்தே தெரியவந்தது.

ஒருதலைப்பட்ட இன்மைக் கூற்று செயலாக மாறும்போது அது அறநூலின் எல்லைக்குள் வந்துவிடுகிறது. 2009இல் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வெகனர் நிறுவனமும் இணைந்து, போலார்ஸ்டெர்ன் கப்பலிலிருந்து தென்பெருங்கடலில் சுமார் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் சில டன் இரும்பைக் கரைத்துப் பார்த்தன. லோஹாஃபெக்ஸ் என்று அதற்குப் பெயர். நுண்தாவரம் பெருகி, கரியைக் கடலடிக்கு இழுத்துச்செல்லுமா என்பது ஆய்வின் நோக்கம். நுண்தாவரம் ஓரளவு பெருகவே செய்தது. ஆனால் அந்நீரில் சிலிக்கா குறைவாக இருந்ததால் கண்ணாடிக் கூடு கட்டும் டயாட்டம் வகை வளரவில்லை, வளர்ந்த பிறவற்றைச் சிறு விலங்குகள் மேய்ந்துவிட்டன, கீழிறங்கிய கரி மிகக் குறைவு. எதிர்பார்ப்புக்கு மாறான விடையை மறைக்காமல் வெளியிட்டது அவ்வாய்வின் பெருமை. ஆனால் இங்கே குறைவது இரும்பு என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெருங்கடல்களில் இரும்பு கொட்டும் தொழிலைத் தொடங்க விரும்புவோருக்கு, அக்கூற்று முடிவுபெறாத கூற்று என்பதை உணர்த்த இவ்வொரு நிகழ்ச்சி போதுமானது.

வினை என்பதே ஒருவகை நுண்பொருள் என்பது சமணர் கொள்கை. மனம், மொழி, மெய் ஆகியவற்றின் ஒவ்வோர் அசைவிலும் அது உயிருக்குள் பாய்வது ஊற்று, ஒட்டிக்கொள்வது கட்டு, பாய்ச்சலை அடைப்பது செறிப்பு, ஒட்டியதை நீக்குவது உதிர்ப்பு. முதலில் உட்புகுவதை நிறுத்து, பிறகு ஏற்கெனவே படிந்ததைக் கழுவு என்ற ஒழுங்கு, தூய்மை ஆய்வகத்தின் நடைமுறையை நினைவூட்டுவது உண்மையே. அதைக்கொண்டு, முன்னோர் நுண்ணளவு வேதியியலை அறிந்திருந்தார்கள் என்று சொல்லப் புகுவது முன்னோருக்கும் வேதியியலுக்கும் இழைக்கும் அநீதி. அவர்கள் நானோகிராமை அளக்கவில்லை, அளப்பவன் தன்னையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதை அறிந்திருந்தார்கள். செஞ்சிக்கு வடக்கே திருநாதர்குன்றில், 24 தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கப்பட்ட பாறையின் பக்கத்தில், சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர்நீத்ததை ஒரு பழங்கல்வெட்டு பதிவுசெய்கிறது. உதிர்ப்பு முழுமையாக நிறைவேற முடியும், மாசு ஒன்றுகூட எஞ்சாத அறிவு உயிருக்கு உண்டு என்ற நம்பிக்கையில் மேற்கொள்ளப்பட்ட நோன்பு அது.

சைவ சித்தாந்தி இவ்விடத்தில்தான் பிரிகிறார். செம்பில் களிம்பு போல ஆணவம் என்னும் மாசு உயிரோடு தொடக்கமின்றியே கூடியிருக்கிறது என்பது அவர் கொள்கை. முத்தியிலும் ஆணவம் அழிந்தொழிவதில்லை, திருவருளால் அதன் மறைக்கும் ஆற்றல் மட்டுமே அடங்குகிறது. கழுவிக் கழுவிச் சுழியத்தை எட்டலாம் என்பது ஒரு நெறி. சுழியம் எட்டாது, ஆயினும் மாசு பார்வையை மறைக்காத நிலை எட்டும் என்பது மற்றொரு நெறி. கடல்நீரை அளக்கும் ஆய்வகம் தன் நடைமுறையில் இரண்டாவதன் பக்கம் நிற்கிறது, ஏனெனில் வெற்று மாதிரி சுழியமாக வந்தால் அது மகிழ்வதில்லை, கருவியில் ஏதோ பழுது என்றே ஐயுறுகிறது. ஆனால் ஆய்வகத்தின் வழக்கத்தைச் சமணருக்கு எதிரான சான்றாகச் சித்தாந்தி காட்ட முடியாது. புட்டியும் பிசினும் உயிர் அல்ல, அவற்றுக்கு எட்டாதது எதற்குமே எட்டாது என்று வாதிப்பது, பேயைக் காணாததால் பேய் இல்லை என்று வாதிப்பதற்கு ஒப்பாகும். காணப்படாததால் உயிரும் இறையும் இல்லை என்ற உலோகாயதனுக்குச் சித்தியாரின் பிற மதங்களை மறுக்கும் பகுதியாகிய பரபக்கமும், பூதவாதிக்குச் சமண நூலாகிய நீலகேசியும் மறுப்பு எழுதியபோது, தம்முள் இவ்வளவு முரண்பட்ட இரு சமயங்களும் கையில் எடுத்த கேள்வி ஒன்றே: காணவில்லை என்கிறாயே, இருந்திருந்தால் கண்டிருப்பாய் என்பதற்கு உன்னிடம் என்ன உறுதி இருக்கிறது? உண்டு என்று கண்டதாகச் சொல்பவரிடமும், கண்டதில் உன் பங்கு எவ்வளவு என்று அதே கேள்வியைத் திருப்பிக் கேட்கலாம் என்பதை அவர்கள் அறிந்தே இருந்தார்கள். சித்தியார் காண்டலை ஏற்பதற்கு முன்னால் ஐயமும் திரிபும் நீங்கியிருக்க வேண்டும் என்று விதித்தது அதனால்தான்.