பட்டமளிப்பு விழாவுக்கு மறுநாள்

கல்லூரியில் படிக்கும்போதே அறக்கட்டளை தொடங்குவதும், வருமானத்தையும் சேவையையும் சேர்த்துத் தேடும் சமூக நிறுவனம் தொடங்குவதும் இந்தியப் பல்கலைக்கழகங்களில் இன்று வழக்கமாகி வருகின்றன. மத்திய அரசு 2019இல் வெளியிட்ட தேசியப் புத்தாக்க, ஸ்டார்ட்அப் கொள்கை இதற்குக் கதவை அகலத் திறந்தது. நிறுவனம் தொடங்கும் மாணவர் படிப்பில் இடைவெளி எடுத்துக்கொள்ளலாம். கல்லூரியின் தொழில் வளர் காப்பக முகவரியிலேயே நிறுவனத்தைப் பதிவு செய்யலாம். வருகைப்பதிவு குறைந்தாலும் தேர்வு எழுத அனுமதி பெறலாம். பணத்துக்கும் வழி உண்டு. 2013ஆம் ஆண்டின் நிறுமச் சட்டம் பெரிய நிறுவனங்கள் தம் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அந்த சி.எஸ்.ஆர். பணத்தைத் தேடிச் செல்வோரில் மாணவர் நிறுவனங்களும் இருக்கின்றன.

ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் இதற்கான களம் கிருஷ்ணன்கோவில். 1984இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2006இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான கலசலிங்கம் அங்கே இருக்கிறது. நிதி ஆயோக்கின் அடல் திட்டத்தில் அமைந்த சமூகப் புத்தாக்க மையமும் அங்கு உண்டு. அங்கிருந்து வத்திராயிருப்பு, கூமாபட்டி வழியாக ஒரு மணி நேரத்துக்குள் பிளவக்கல்லை அடையலாம். பெரியாறு, கோவிலாறு என்று மலையடிவாரத்தில் இரண்டு அணைகள். கீழே கண்மாய்கள், நெல் வயல், தென்னந்தோப்பு, மாந்தோப்பு. காட்டோரமாக அத்திகோவில், தாணிப்பாறை போன்ற இடங்களில் பளியர் பழங்குடியினரின் குடியிருப்புகள். உதவி செய்ய நினைக்கும் மாணவருக்கு ஊர் இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது. அறம் பற்றிய கேள்வி எழுவதும் இந்த அருகாமையில்தான். நான்கு ஆண்டில் போகப்போகிறவர், போக வேறு இடமில்லாதவர்களுக்காக ஒன்றைத் தொடங்குவது எந்த அளவுக்கு நியாயம்?

வழக்கமாகக் கேட்கப்படும் கேள்வி வேறு: சேவையில் காசு பார்க்கலாமா என்பது. அதில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. மதுரையில் அதற்கு 1976லேயே விடை கிடைத்துவிட்டது. மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவராக இருந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, 58 வயதில் ஓய்வு பெற்றபின், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கட்டணம் செலுத்த முடிந்தவர்கள் செலுத்தினார்கள். அந்த வருவாயில் முடியாதவர்களுக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. 1992இல் ஆரோலேப் தொடங்கி, கண்ணுக்குள் பொருத்தும் செயற்கை லென்ஸைக் குறைந்த விலைக்குச் செய்து கொடுத்தார்கள். கட்டணம் வாங்கியதால் அங்கே அறம் கெடவில்லை, நிலைத்தது. அந்த நிறுவனத்தின் இன்னொரு பக்கத்தை மாணவர்கள் கவனிப்பதில்லை. தொடங்கியவருக்கு வேறு எங்கும் போகும் எண்ணம் இல்லை. ஓய்வு பெற்றவருக்குப் பட்டமளிப்பு விழா கிடையாது.

மாணவ நிறுவனர்களின் பலவீனம் பெரும்பாலும் திறமைக் குறைவு அல்ல, காலக் குறைவு. 2008இல் ஹார்வர்டு மாணவிகள் சிலர், உதைத்து விளையாடினால் மின்சாரம் சேமிக்கும் கால்பந்து ஒன்றை வகுப்புப் பணியாக வடிவமைத்தார்கள். பகலில் ஆட்டம், இரவில் அதே பந்திலிருந்து விளக்கு. உலகம் முழுவதும் பாராட்டு குவிந்தது. பிறகு மெக்சிகோவில் குழந்தைகளுக்குக் கொடுத்த பந்துகளில் பல சில மாதங்களிலேயே பழுதானதாகச் செய்திகள் வந்தன. பந்து கெட்டுப்போனது பெரிய குற்றமில்லை. எந்தப் பொருளும் கெடும். கெட்ட பந்தை எடுத்துக்கொண்டு எந்தக் கடைக்குப் போவது என்பதற்கு அந்த ஊரில் விடை இல்லை என்பதே குறை. இதற்கு எதிர்ப்பக்கம் முகமது யூனுஸ். சிட்டகாங் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியரான அவர் 1976இல் வளாகத்தை ஒட்டிய ஜோப்ரா கிராமத்தில் 42 பேருக்கு 27 டாலர் கடன் கொடுத்ததில் தொடங்கினார். அது கிராமீன் வங்கியாகச் சட்டப்படி உருவாக 1983 வரை ஆனது. ஏழு ஆண்டுகள். ஒரு பொறியியல் பட்டப்படிப்பு அதற்குள் முடிந்து, முதல் வேலையும் மாறியிருக்கும்.

பிளவக்கல் பகுதியில் நடக்கக்கூடிய ஒன்றைக் கற்பனையாக எடுத்துக்கொண்டு பார்த்தால் சிக்கல் இன்னும் தெளிவாகும். பளியர்கள் மலையில் தேன் எடுப்பவர்கள். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறு வன விளைபொருள்களைச் சேகரிக்கவும் விற்கவும் அவர்களுக்கு உரிமை தருகிறது. 2021இல் இந்த மலை ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகமானபின், காட்டுக்குள் போய்வருவதே முன்னைவிடக் கவனமாகச் செய்யவேண்டிய காரியமாகிவிட்டது. தேனை வாங்க ஒரு வியாபாரி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். விலை குறைவாகத்தான் கொடுப்பார். ஆனால் மழைக்காலத்தில் முன்பணம் கொடுப்பார். வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் அவர்தான் நூறு இருநூறு தருவார். மாணவர் குழு ஒன்று வருகிறது. இரண்டு மடங்கு விலை, அழகான பாட்டில், அதன் மேல் தேன் எடுக்கும் முதியவர் ஒருவரின் படம், இணையத்தில் விற்பனை. ஊர் மகிழ்ச்சியோடு வியாபாரியை விட்டுவிடுகிறது. மூன்றாம் ஆண்டு, குழுவில் இருவர் பெங்களூருக்கு, ஒருவர் மேற்படிப்புக்கு. நிறுவனத்தின் கைப்பேசி எண் எடுக்கப்படுவதில்லை. வியாபாரி திரும்பி வருகிறார், முன்னைவிடக் குறைந்த விலையோடு, முன்பணம் இல்லாமல்.

இந்த முயற்சி தோற்றாலும் ஊர் பழைய நிலைக்குத்தானே திரும்பும், நட்டம் என்ன என்று கேட்பது வெளியிலிருந்து பார்ப்பவரின் கணக்கு. ஊர் பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை; அதற்கும் ஒரு படி கீழே போய் நிற்கிறது. மாணவரின் தன்விவரக் குறிப்பிலோ அந்த மூன்று ஆண்டுகள் நிறுவனர் என்ற சொல்லாக நிலைத்துவிடுகின்றன. லாபம் ஒரு பக்கமும் ஆபத்து மறுபக்கமும் சேர்ந்துவிட்டால், அங்கே பண லாபம் ஒரு பைசா இல்லாவிட்டாலும் சுரண்டலின் சாயல் விழுந்துவிடுகிறது. அந்த முதியவரின் படத்துக்கும் இது பொருந்தும். பாட்டில் மேல் தன் முகம் இருப்பது அவருக்குத் தெரியுமா, எத்தனை ஆண்டுக்கு என்று சொல்லப்பட்டதா? 2025இல் கூமாபட்டியைப் புகழ்ந்த ரீல்ஸ் பரவி, பிளவக்கல் அணையைப் பார்க்க எங்கெங்கிருந்தோ கூட்டம் வந்தது. படங்கள் வழியே வெளியாரின் கவனம் எவ்வளவு வேகமாக வரும் என்பதை இந்த வட்டாரம் அறியும்.

ஏற்கெனவே இருப்பதைப் பார்க்காமல் தொடங்குவதும் இதே வகைப் பிழை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா செய்து விற்கும் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது; 2019இல் அந்தப் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மாடு வைத்திருப்பவரே உறுப்பினராக இருக்கும் அமைப்பு அது. சமூக நிறுவனம் என்ற பெயர் புழக்கத்துக்கு வருமுன்பே இருந்த சமூக நிறுவனம். புதிய பிராண்டோடு அதற்குப் போட்டியாக இறங்கும் மாணவரைவிட, அந்தச் சங்கத்தின் கணக்கை, குளிரூட்டலை, அனுப்பும் முறையைச் சீராக்கிக் கொடுக்கும் மாணவர் அதிகம் செய்தவராவார். ஆனால் அவருக்கு நிறுவனர் என்ற பட்டம் கிடைக்காது. போட்டிகளில் மேடையும் கிடைக்காது.

நிலைத்து நின்றுவிட்டால் மட்டும் கேள்வி தீர்ந்துவிடுமா? யேல், சிகாகோ பல்கலைக்கழகங்களில் படித்த விக்ரம் அகுலா 1997இல் ஏழைப் பெண்களுக்குக் கடன் தரும் லாபநோக்கற்ற அமைப்பாக எஸ்.கே.எஸ்.ஸைத் தொடங்கினார். 2005இல் அது நிதி நிறுவனமானது. 2010இல் பங்குச்சந்தைக்கு வந்தது. அதே ஆண்டு அக்டோபரில், நுண்கடன் வசூல் நெருக்கடியும் தற்கொலைச் செய்திகளும் பெருகிய நிலையில் ஆந்திர அரசு நுண்கடன் துறையையே கட்டுப்படுத்தும் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. பணம் போட்டவர்கள் வளர்ச்சியைக் கேட்கும் இடத்துக்கு ஒரு நிறுவனம் போய்விட்டால், தொடங்கியவரின் நல்லெண்ணம் மட்டும் அதைப் பிடித்து நிறுத்தாது. நிறுமச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் பதிவாகும் நிறுவனம் லாபத்தைப் பங்குதாரருக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது என்ற சட்டத் தடை இந்த இடத்தில்தான் பொருள் பெறுகிறது.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இவ்வளவு நிபந்தனை போட்டால் எந்த மாணவரும் எதையும் தொடங்கமாட்டார், இருபது வயதின் துணிச்சல் ஐம்பதில் வராது, தோல்வியில்தான் கற்பார்கள். மூன்றும் உண்மை. ஆனால் கற்பதற்கு யாருடைய வாழ்க்கை பயிற்சித்தாள் ஆகிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாமைக் கேலி செய்வது எளிது. சாலையோரம் புல் வெட்டிவிட்டுப் போகிறார்கள் என்பார்கள். ஆனால் அந்த முகாம் யாரையும் ஏமாற்றுவதில்லை. எட்டாம் நாள் போய்விடுவார்கள் என்று ஊருக்குத் தெரியும். அதை நம்பி யாரும் வேறு பிழைப்பை விடுவதில்லை. சமூக நிறுவனம் அப்படியில்லை. தன்னை நம்பச் சொல்லியே அது ஊருக்குள் நுழைகிறது. நம்பிக்கையைக் கேட்டு வாங்கியவருக்கு முகாமுக்கு வந்தவரைவிடக் கடமை கூடுதல்.

அந்தக் கடமை முழுவதையும் இருபது வயதுக்காரரின் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. 2019 கொள்கையின்படி, தன் வசதிகளையும் பெயரையும் தருவதற்கு ஈடாக மாணவர் நிறுவனத்தில் கல்லூரி 2 முதல் 9.5 சதவீதம் வரை பங்கு எடுத்துக்கொள்ளலாம். கல்லூரிகளின் புத்தாக்கத் தரவரிசையில், அங்கே தொடங்கிய நிறுவனங்களின் எண்ணிக்கையும் கணக்கில் வருகிறது. பங்கும் பெருமையும் கல்லூரிக்கு உண்டென்றால், மாணவர் போனபின் ஊருக்குப் பதில் சொல்லும் பொறுப்பும் கல்லூரிக்கு உண்டு. மாணவர் மாறுவார்; கல்லூரி அதே சாலையில்தான் இருக்கும். இந்த நாட்டில் இதற்கு முன்னோடியும் இருக்கிறது. 1947இல் சின்னாளபட்டி அருகே டாக்டர் சௌந்தரமும் கோ. ராமச்சந்திரனும் கிராமப் பணிக்காகத் தொடங்கிய காந்திகிராமத்தில் 1956இல் கிராமியக் கல்வி நிலையம் உருவானது. 1976இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. அங்கே சேவையிலிருந்து பல்கலைக்கழகம் பிறந்தது. ஊர் முதலில், வகுப்பறை பிறகு.

பிளவக்கல்லின் கீழுள்ள கண்மாய்ப் பாசனத்திலும் இதே பாடம் இருக்கிறது. மடையைத் திறந்து வயல்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடும் நீர்ப்பாய்ச்சி ஊரால் அமர்த்தப்படுபவர். அறுவடையில் நெல்லாகக் கூலி வாங்குவது மரபு. அவர் முதுமையடைந்தால் இன்னொருவர் வருவார். அவர் பெயரில் அறக்கட்டளை இல்லை, ஆனால் அந்த வேலைக்கு எப்போதும் ஆள் உண்டு, ஏனென்றால் அவரை அமர்த்துவதும் நீக்குவதும் தண்ணீர் வாங்குபவர்கள். மாணவர் தொடங்கும் நிறுவனத்தில் இந்த அதிகாரம் பயனாளிக்குக் கிடைத்தால், அதைத் தொடங்குவது தகும். கிடைக்காதென்றால், எவ்வளவு விருது வாங்கினாலும் தகாது.

அறக்கட்டளைப் பத்திரத்திலும் 8ஆம் பிரிவு நிறுவனத்தின் விதிகளிலும் அமைப்பைக் கலைத்தால் மிச்சச் சொத்து எங்கே போக வேண்டும் என்று எழுதுவது வழக்கம். தேன் எடுப்பவர் எங்கே போவார் என்று எழுதச் சொல்லும் பத்தி எதிலும் இல்லை. அந்தப் பத்தியை மாணவர்களே சேர்க்கலாம்: நாங்கள் போகும் ஆண்டு இது, அதன்பின் கணக்கும் வங்கிப் புத்தகமும் இன்னாரிடம், குறை சொல்ல வேண்டிய கல்லூரி அலுவலகம் இது என்று. பதிவு அலுவலகத்துக்குப் போவதற்கு முன் அதை அத்திகோவிலில் ஒருமுறை வாசித்துக் காட்டட்டும். வேண்டாம் என்று அங்கே சொன்னால், பதிவு செய்யாமல் திரும்பி வரட்டும்.