சாமியிடம் கேட்ட உத்தரவு

நில எடுப்பு வழக்குகளில் இழப்பீட்டைக் கூட்டிக் கேட்டு வாதாடுவது என் பிழைப்பு. சார்பு நீதிமன்றத்தில் பேச்செல்லாம் சென்ட் கணக்குதான். அக்கம்பக்கத்து விலைக்குக் கிரயப் பத்திரங்களைக் காட்ட வேண்டும். முத்திரைத்தாள் செலவுக்குப் பயந்து விலையைக் குறைத்துப் பதிந்த பத்திரங்கள் அப்போது நம் கட்சிக்காரரின் காலையே வாரிவிடும்.

2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் வருமுன், கால்வாய்க்காக நிலம் போன பெரியவர் ஒருவர் வந்தார். இழப்பீட்டு அவார்டில் தென்னைக்கு ஒரு தொகை, கிணற்றுக்கு ஒரு தொகை. பனைகளுக்கு நடுவே நின்ற சுடலைமாடன் பீடத்தைச் ‘செங்கல் மேடை’ என்று எழுதி, பொதுப்பணித் துறை ரேட்டில் மதிப்புப் போட்டிருந்தார்கள். “கூட்டிக் கேட்போம் ஐயா” என்றேன். “கூட்டிக் கொடுத்தா சரியாப் போச்சா வக்கீலம்மா?” என்றார்.

சாமி இடம் மாறக்கூடாது என்பதல்ல அவர் வாதம். அந்த மாடனே அவர் பாட்டன் காலத்தில் பிடிமண்ணாக வந்தவர்தான். பிழைக்கப் போகிற குடும்பம் தாய்க்கோயில் மண்ணில் ஒரு பிடி எடுத்துப்போய்ப் புது இடத்தில் பீடம் போடும். ஆனால் சாமியாடியான கோமரத்தாடி அருள்வந்து உத்தரவு சொன்ன பிறகே மண்ணில் கை படும். உத்தரவு கிடைக்காவிட்டால் என்ன குறை என்று விசாரித்து, தீர்த்துவைத்து, மறுபடி கேட்பார்கள். கேட்பதென்றால் மறுப்புக்கும் இடம் விட்டுக் கேட்பது.

அப்போது நடப்பிலிருந்த 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவோ, நிலத்தைக் கொடுக்க மனமில்லை என்பதை இழப்பீட்டுக் கணக்கில் சேர்க்கவே கூடாது என்றது. 5-ஏ பிரிவில் ஆட்சேபம் கேட்டார்கள். அவசரம் என்று 17ஆம் பிரிவைக் காட்டினால் அதுவும் இல்லாமல் போனது. பெரியவருக்கு அப்படித்தான் ஆனது. கட்டாயப்படுத்தியதற்கு ஆறுதல் தொகை மட்டும் இருந்தது: முதலில் 15 சதவீதம், 1984 முதல் 30. 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதை 100 ஆக்கியது. தனியார் நிறுவனத்துக்கு எடுத்தால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதத்தின் சம்மதம் வேண்டும் என்றது. அரசு தனக்கே எடுத்துக்கொண்டால் வேண்டாம்.

ஒருவர் மறுத்தால் ஊருக்குத் தண்ணீர் வராமலிருப்பதா? நியாயமான கேள்வி. ஆனால் கேட்டுவிட்டு, மறுத்தவருக்குப் பதில் சொல்லி எடுப்பது வேறு. கேட்காமலே எடுத்துவிட்டு விலையைக் கூட்டுவது வேறு. முன்னதில் தர்மம் கொஞ்சமாவது மிஞ்சும். பின்னதில் மிஞ்சுவது பாக்கித் தொகை.

பெரியவர் செக்கை வாங்கியபோது, ‘ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னேன். அப்படி எழுதாவிட்டால் கூட்டிக் கேட்கும் உரிமை போய்விடும். பின்னால் நீதிமன்றம் சென்ட் விலையைக் கூட்டியது, அதையும் வாங்கிக்கொண்டார். அதில் ஒரு தப்பும் இல்லை. பணத்தை வாங்கியதால் நிலத்தைக் கொடுக்கச் சம்மதித்தார் என்று மட்டும் யாரும் கணக்கு எழுதக் கூடாது.