எதிர்த்தரப்பில் படித்தவர்

ஷிப்ட் பஸ்கள் இரவும் பகலும் ஓடும் ஸ்ரீபெரும்புதூரில்தான் ராமானுஜர் பிறந்தார். 1017 என்கிறது வைணவ மரபு. இளமையில் அவர் வேதாந்தம் படித்தது காஞ்சிப் பக்கத்து யாதவப்பிரகாசரிடம். அவரை அத்வைதி என்கிறது மரபு. குரு சொன்ன பொருள் சீடருக்கு ஒப்பவில்லை. பாடத்தின் நடுவிலேயே உரசல். பகை கொலைமுயற்சி வரை போனதாகக் குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. (பிற்பாடு அந்தக் குருவே சீடரானார் என்பவையும் அதே கதைகள்தாம்.)

அந்தப் படிப்பு வீணாகவில்லை. பிரம்ம சூத்திரத்துக்கு அவர் எழுதிய ஸ்ரீபாஷ்யத்தில் முதல் சூத்திரத்துக்கான உரையிலேயே அத்வைதிகளின் வாதம் விரிவாக வந்துவிடுகிறது. மகா பூர்வபட்சம் என்று அதற்குப் பெயரே உண்டு. எதிராளியின் தரப்பை அவ்வளவு வலுவாக நிறுத்திவிட்டுத்தான் மறுக்கத் தொடங்குகிறார். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தவரால்தான் அப்படி எழுத முடியும்.

தம் பக்கத்து நூல்களையும் அவர் விடவில்லை. அதே சூத்திரத்தின் பழைய உரையான போதாயன விருத்தியைத் தேடிக் காஷ்மீர் வரை போனார் என்பார்கள். நம் எண்ணத்தை நம்மைவிட நன்றாகச் சொல்பவரைப் படிப்பதில் தப்பில்லை. அங்கேயே தங்கிவிடுவதுதான் சோம்பேறித்தனம்.

2024 செப்டம்பரில் அதே ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துச் சாம்சங் ஆலையில், சங்கத்துக்கு அங்கீகாரம் கேட்டுத் தொடங்கிய வேலைநிறுத்தம் ஒரு மாதத்துக்கும் மேல் நீண்டது. முதலீடு போய்விடும் என்று எழுதியவர்கள் உண்டு. சங்கம் தொழிலாளியின் உரிமை என்று எழுதியவர்களும் உண்டு. நீங்கள் எந்தப் பக்கம் படித்தீர்கள்? இன்று வீடு திரும்பும் பஸ்ஸில் மற்றப் பக்கத்துக் கட்டுரை ஒன்றை முழுதாகப் படியுங்கள். பதில் அப்புறம் சொல்லலாம்.